ஊர் வளர்கிறது, ஏடு வளர்ந்ததா?

 

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கிச் சென்றால், மாமல்லபுரத்திற்கு அப்பால், ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் புதுப்பட்டினம் வருகிறது. வடக்கே கல்பாக்கம் அணுசக்தித் துறை ஊழியர்களின் நகரியம். அதற்கும் வடக்கே சதுரங்கப்பட்டினம். தெற்கே பாலாறு கடலில் கலக்கும் முகத்துவாரம். நகரியத்தார் துணிமணியும் மளிகையும் வாங்க நாடி வரும் கடைத்தெருவாக இருந்த ஊர், இன்று மனைப்பிரிவுகளும் மாடி வீடுகளும் பெருகிய புறநகராக விரிந்து நிற்கிறது. பணி நிமித்தம் வந்தோரில் பலர், ஓய்வு பெற்ற பின்னரும் சொந்த ஊருக்குத் திரும்பாமல் இப்பகுதியிலேயே வீடு கட்டிக் குடியேறிவிட்டனர். இத்தகைய ஊர்களின் ஜும்ஆத் தொழுகையில் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் சேர்த்து நிற்கும் இருவரில், ஒருவருடைய பூர்வீகம் இந்தக் கடற்கரையாக இருக்கும். மற்றவருடையது நெல்லையாகவோ வேலூராகவோ இருக்கும்.

ஊர் வளர்கிறது. மகிழ்ச்சி. அந்த ஊரின் ஏடு வளர்ந்திருக்கிறதா? இவ்வூருக்கு முதலில் வந்தவர் யார், பள்ளிக்கு நிலம் ஈந்தவர் யார், யாருக்கு யார் என்ன உறவு என்பதெல்லாம் எங்கேனும் எழுதப்பட்டிருக்கிறதா? இம்மாதம் இதனைக் குறித்தே உங்களுடன் பேச விழைகிறேன்.

பட்டினம் என்றால் கடற்கரை நகரம். ‘புது’ என்னும் அடைமொழியே, இது ஒரு காலத்தில் புதிதாக எழுந்த குடியேற்றம் என்பதைச் சொல்லிவிடுகிறது. இந்தக் கடற்கரை முழுவதும் வந்தவர்களின் வரலாறுதான். வடக்கே கோவளத்தில் தமீமுன் அன்சாரி அவர்களின் தர்கா இருக்கிறது. தெற்கே கடப்பாக்கத்தை அடுத்து நவாபுகளின் ஆட்சிக்காலத்து ஆலம்பரைக் கோட்டை சிதைந்து கிடக்கிறது. 1750ஆம் ஆண்டில் அது பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. இடையே, சதுரங்கப்பட்டினத்தில் 17ஆம் நூற்றாண்டில் வந்து துணி வாணிபம் நடத்திய டச்சுக்காரர்களின் கோட்டை நிற்கிறது. அந்தக் கோட்டையருகே 1782 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பற்படையும் பிரெஞ்சுக் கப்பற்படையும் கடற்போர் புரிந்தன. 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி டச்சுக்காரர்கள் இவ்விடத்தை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்து வெளியேறினர்.

அக்கோட்டைக்குள் ஒரு சிறு கல்லறைத் தோட்டம் உண்டு. கடல் கடந்து வந்து இங்கே மாண்ட டச்சுக்காரர்களின் பெயரும் தேதியும் கருங்கற் பலகைகளில் செதுக்கப்பட்டிருக்கின்றன. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்த அந்நியரின் பெயரை இன்று நாம் வாசித்தறிய முடிகிறது. 50 ஆண்டுகளுக்கு முன் நம் மையவாடியில் நல்லடக்கம் செய்யப்பெற்ற நம் பாட்டனாரின் கபுரு எது என்று கேட்டால், நம்மில் எத்தனை பேர் கைநீட்டிக் காட்ட முடியும்?

கபுரின் மீது கட்டடம் எழுப்புவதை நம் மார்க்கம் விரும்பவில்லை. எனினும், உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்களை அடக்கம் செய்த பின், அடையாளத்திற்காக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தலைமாட்டில் ஒரு கல்லை வைத்தார்கள் என்று ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. அடையாளம் வைத்துக்கொள்வது வேறு, ஆடம்பரம் வேறு. கல்லில் செதுக்க வேண்டாம். ஏட்டில் எழுதலாம் அல்லவா?

“வம்சப் பெருமை பேசுவது ஜாஹிலிய்யாக் காலத்து வழக்கமாயிற்றே?” என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினாதான். மனிதர்கள் கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்றும், இறையச்சமே சிறப்புக்கு அளவுகோல் என்றும் அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குப் போதிக்கிறது. உறவைப் பேணி நடக்கத் தேவையான அளவு வமிசாவளியைக் கற்றுக்கொள்ளுமாறு நபிமொழியும் வலியுறுத்துகிறது. ஆகவே, மார்பு தட்டுவதற்காக எழுதுவது பிழை. உறவைப் பேணுவதற்காக எழுதுவது கடமையை ஒட்டிய நற்செயல்.

எழுதாமல் விடுவதால் வரும் இழப்பு வெறும் ஏக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. மூன்று செய்திகளை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, பால்குடி உறவு. பழைய தெருக்களில் ஒரு தாய் நோயுற்றால் அடுத்த வீட்டுத் தாய் அக்குழந்தைக்கும் பாலூட்டுவாள். ஷரீஅத்தின்படி, பால் கொடுத்தவள் தாயாகிவிடுகிறாள். அவள் பிள்ளைகள் உடன்பிறப்புகளாகிவிடுகின்றனர். அவர்களுக்கிடையே திருமணம் ஹராம். ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து முறை ஊட்டியிருக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் ஒரு முறை ஊட்டினாலே அவ்வுறவு ஏற்பட்டுவிடும். இச்செய்தி எந்தப் பத்திரத்திலும் இராது. மூதாட்டியரின் நெஞ்சில் மட்டுமே இருக்கும். ஒரே தெருவில் வாழ்ந்த காலத்தில், சம்பந்தம் பேசத் தொடங்கும்போதே பாட்டிமார்கள் தடுத்துவிடுவார்கள். இன்று அக்குடும்பங்கள் சென்னைக்கும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பிரிந்து போய்விட்டன. அந்த மூதாட்டி கண்மூடிய பின்னர் நம் பிள்ளைகளை எச்சரிக்க யார் இருக்கிறார்கள்?

இரண்டாவது, ஃபராயிள் எனப்படும் பாகப்பிரிவினை. இதில் யார் முதலில் இறந்தார் என்பதே பங்கை முடிவு செய்கிறது. தந்தைக்கு முன் மகன் இறந்திருந்தால், மற்ற ஆண்மக்கள் உயிரோடிருக்கையில் அந்த மகனின் பிள்ளைகள் பாட்டனாரின் சொத்தில் வாரிசாவதில்லை. வஸிய்யத்தோ அன்பளிப்போ செய்து வைத்தால்தான் உண்டு. அதே மகன் தந்தைக்குப் பின் ஒரு நாள் கழித்து இறந்திருந்தாலும், அவர் பங்கு அவருடைய வாரிசுகளைச் சேர்ந்துவிடும். ஒரு தேதி எழுதப்படாமையால் எத்தனையோ அநாதைகளும் பெண்மக்களும் தங்கள் உரிமையை நிலைநாட்ட இயலாமல் நிற்கின்றனர். ஒரு கிரவுண்டு மனையின் விலை ஏறியுள்ள இப்புறநகர்ப் பகுதிகளில் இது சாதாரண இழப்பன்று. திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம், கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளோடு எழுதி வைக்கச் சொல்லும் வசனம் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, வக்ஃபு. அந்தக் காலத்துப் பெரியவர் ஒருவர் பள்ளிக்கோ மையவாடிக்கோ தம் நிலத்தை வாய்ச்சொல்லால் கொடுப்பார். ஊரே சாட்சி. அந்தச் சாட்சிகள் ஒவ்வொருவராக மறைந்ததும், நிலம் மட்டும் ஊமையாக நிற்கிறது. 2025ஆம் ஆண்டின் வக்ஃபு சட்டத் திருத்தம், எழுத்து வடிவிலான வக்ஃபு பத்திரம் இன்றி இனி வக்ஃபு ஏற்படுத்த இயலாது என்று ஆக்கிவிட்டது. ஏற்கெனவே பதிவான வக்ஃபுகளின் விவரங்களை ‘உமீத்’ என்னும் இணையதளத்தில் ஏற்றும் பணியும் 2025 ஜூன் 6ஆம் நாள் தொடங்கிற்று. சட்டத்தைக் குறித்த கருத்து வேறுபாடுகள் ஒருபுறம் இருக்கட்டும். சர்வே எண், பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவை முத்தவல்லியின் கையில் ஒழுங்காக இருக்கும் ஜமாஅத்திற்கு ஏற்படும் கவலை குறைவு. “என் பாட்டனார் சொன்னார்” என்பதை மட்டும் வைத்திருக்கும் ஜமாஅத்தின் நிலையை நான் விளக்க வேண்டியதில்லை.

எழுதி வைக்கும் வழக்கம் செங்கற்பட்டுச் சீமைக்குப் புதிதன்று. 1763ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாப் முஹம்மதலி இச்சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கினார். 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்னும் பொறியாளர் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். எந்த ஊரில் எத்தனை வீடுகள், எந்தக் குடியினர், எத்தனை ஏரிகள், எவருக்கு எவ்வளவு மானியம் என்பனவற்றை ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதினர். 250 ஆண்டுகள் கடந்தும் ஆய்வாளர்கள் அவற்றைப் படித்து அக்கால வாழ்வை அறிகின்றனர். ஓலை நிலைத்தது, எழுதாத வாய்ச்சொல் காற்றோடு போயிற்று.

சரி, எப்படித் தொடங்குவது? பெரும் புலமை வேண்டியதில்லை. ஒரு கெட்டியட்டை நோட்டுப் புத்தகம் போதும்.

வீட்டிலுள்ள மூத்தவரிடம், சிறப்பாக மூதாட்டியரிடம், அஸருக்குப் பின் அமர்ந்து பேசுங்கள். “எந்த வருடம்?” என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. நிகழ்ச்சியைச் சொல்லிக் கேளுங்கள். பக்கிங்காம் கால்வாயில் படகு ஓடிக்கொண்டிருந்ததா? 1965, 1966ஆம் ஆண்டுப் புயல்களுக்குப் பிறகு அப்போக்குவரத்து அற்றுப்போயிற்று. அணு உலைக்கூட வேலை தொடங்கிவிட்டதா? அது 1971ஐ ஒட்டிய காலம். பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் வந்து முதல் உலையை நாட்டுக்கு அர்ப்பணித்துவிட்டார்களா? அது 1983 ஜூலை.

இன்னுமொரு வழியும் உண்டு. நம் ரமலான் சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒரு முறை சுற்றி வந்துவிடும். “உன் அத்தா பிறந்தது நோன்பு மாதம், கத்தரி வெயில் கொளுத்தியது” என்று நன்னிமா சொன்னால், அது 1954ஐ ஒட்டியோ 1986ஐ ஒட்டியோ இருக்க வேண்டும். “அடைமழையில் நோன்பு வைத்தோம்” என்றால் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளைப் பாருங்கள். அவர்களின் நினைவில் தேதி இல்லாவிட்டாலும் காலம் இருக்கிறது. கேட்கத் தெரிந்தால் கிடைக்கும்.

பழைய கிதாபுகளை எடைக்குப் போடாதீர்கள். அவற்றின் முதல் தாளில் பிள்ளைகள் பிறந்த நாளைக் குறித்து வைப்பது சில வீடுகளின் வழக்கம். அந்தக் குறிப்பு அரபு எழுத்தில் எழுதிய தமிழாகவும் இருக்கலாம். நம் முன்னோரில் பலருக்கு அரபுத்தமிழே எழுத்து. படிக்கத் தெரிந்த ஆலிமிடம் காட்டுங்கள். கிழிந்துபோன குர்ஆன் பிரதிகளைக் கண்ணியமாகப் புதைக்கும் முன்பும் அத்தாளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளி அலமாரியில் இருக்கும் நிக்காஹ் தப்தரை வெறும் கணக்குப் புத்தகமாக எண்ணாதீர்கள். மணமக்கள், வலீ, சாட்சிகள், மஹர்த் தொகை என ஓர் ஊரின் வரலாறே அதற்குள் இருக்கிறது. பெண் எந்த ஊரிலிருந்து வந்தாள் என்பதும், கைநாட்டு இருந்த இடத்தில் எந்த ஆண்டு முதல் கையொப்பம் வரலாயிற்று என்பதும் அதில்தான் தெரியும். கரையான் தின்னும் முன் அதனைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, பிரதியை வேறோர் ஊரில் வையுங்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கடற்கரையைத் தாக்கியபோது உயிர்கள் போயின. எஞ்சியோரில் பலர் குடும்ப அட்டையும் பத்திரமும் இன்றி நின்றனர். ஓரிடத்தில் மட்டும் இருக்கும் ஏடு, கடலுக்கு முன் மணல் வீடு.

நிறைவாக ஒன்று. இந்த ஊர் ஏட்டில் யார் யார் இடம்பெறலாம்? பூர்வீகக் குடும்பங்கள் மட்டுமா? “அவர்கள் வந்தவர்கள்” என்னும் சொல் நம் ஜமாஅத்துகளில் மெல்லக் கேட்கிறது. சந்தா வாங்கும்போது கேட்காத அச்சொல், நிர்வாகத் தேர்தலின்போதும் மையவாடியில் இடம் கேட்கும்போதும் கேட்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் வேலை நியமனக் கடிதத்தோடு வந்திறங்கிய இளைஞர் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார். அவருடைய பேரனுக்கு இவ்வூரைத் தவிர வேறு சொந்த ஊர் தெரியாது. முஹாஜிர்களை அன்சாரிகள் எவ்வாறு வரவேற்றார்கள் என்பதை ஆண்டுதோறும் பயானில் கேட்கும் நாம், பக்கத்து வீட்டுக்காரரை எத்தனை காலத்திற்கு வந்தவர் என்று அழைக்கப் போகிறோம்? ‘புதுப்பட்டினம்’ என்று பெயர் வைத்துக்கொண்ட ஊரில் எல்லாருமே என்றோ ஒரு நாள் புதியவர்கள்தாம். பழையவர்கள் தங்கள் பாட்டனார் கொடுத்த நிலத்தை எழுதட்டும். புதியவர்கள் தாங்கள் வந்திறங்கிய நாளை எழுதட்டும். இருவர் பெயரும் ஒரே ஏட்டில் இருந்தால், அடுத்த தலைமுறை அதனை ஓர் ஊரின் கதையாகவே வாசிக்கும்.

இந்த இதழைப் படித்து முடித்த கையோடு, உங்கள் வீட்டில் வயதில் மூத்தவர் யாரோ அவரருகே சென்று அமருங்கள். அவருடைய தாயாரின் தாயார் பெயரைக் கேளுங்கள். அதனை முதல் வரியாக எழுதுங்கள். நம் வீடுகளில் முதலில் மறக்கப்படுவது பெண்மக்களின் பெயர்களே.

மறைந்த நம் முன்னோர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் கபுருகளை ஒளிமயமாக்கி, அவர்கள் விட்டுச்சென்ற உறவுகளைப் பேணி வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்கியருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.