புதுப் பெயருக்கு ஒரு நாள் காவல்

புதுச்சேரி மிஷன் வீதிப் பக்கம் எனக்கு ஒரு சிநேகிதி இருக்கிறாள். தலையணை உறைகளில் பூவேலை செய்து விற்பவள். தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது, கடைக்கென்று இணையத்தில் சொந்தமாக ஒரு பெயரைப் பதிவு செய்துகொண்டாள். அன்று சாயங்காலமே அந்தப் புது விலாசத்திலிருந்து இருநூறு பேருக்கு மின்னஞ்சலும் போட்டாள். ஒருவரிடமிருந்தும் ஆர்டர் வரவில்லை. "என் வேலை யாருக்குமே பிடிக்கவில்லையா?" என்று கண் கலங்கிவிட்டாள், பாவம்!

கடிதம் போய்ச் சேர்ந்தால்தானே பிடிப்பதற்கு! சில வாசலிலேயே திருப்பப்பட்டன. மற்றவை குப்பைப் பெட்டிக்குள் விழுந்தன. காரணம், அவள் பெயர் அன்றைக்குப் பிறந்தது!

மோசடிக்காரர்கள் இத்தகைய பெயர்களை நூற்றுக்கணக்கில் வாங்குகிறார்கள். சில மணி நேரம் பொய்க் கடிதங்களை வாரி இறைத்துவிட்டு, பிடிபடுவதற்குள் அடுத்த பெயருக்குத் தாவுகிறார்கள். ஆகவே 1998-ல் லண்டனில் தொடங்கிய 'ஸ்பாம்ஹவுஸ்' என்ற அமைப்பு, புதிதாகப் பதிவான பெயர்களை 24 மணி நேரம் ஒரு தனிப் பட்டியலில் வைக்கிறது. அதைப் பார்க்கும் அஞ்சல் நிலையங்கள் அந்தப் பெயர்களை நம்புவதில்லை. முன்பு இதே போன்ற ஒரு பட்டியலுக்கு 'நேற்றைய ரொட்டி' என்றே பெயர்! நம் ஊரில் ரொட்டி புதிதாக இருந்தால்தான் மதிப்பு. இங்கே புதிதாக இருப்பதே குற்றம்!

நியாயமா என்று கேட்கலாம். நேற்று வந்து மாடிப் போர்ஷன் கேட்டவரிடம் இன்றே சாவியைக் கொடுத்துவிடுவோமா? காவல் வேண்டியதுதான். ஆனால் பெயரை விற்கிறவர்கள், "அம்மா, உடனே கடிதம் போடாதீர்கள்" என்று ஒரு வரி சொல்லக்கூடாதா?

அவர்கள் சொல்லாததை நான் சொல்கிறேன். பெயரை ஒரு மாதம் முன்னதாகவே வாங்கிவிடுங்கள். முதலில் தெரிந்தவர்கள் பத்துப் பேருக்கு எழுதுங்கள்; பிறகு மெல்லக் கூட்டுங்கள். 'எஸ்.பி.எஃப்.', 'டி.கே.ஐ.எம்.' என்ற இரண்டு அடையாளங்களையும் பொருத்தித் தரச் சொல்லுங்கள். கடிதம் உங்களுடையதுதான் என்பதற்கு அவை முத்திரை. மொத்தமாகக் கடிதம் அனுப்புகிறவர்களிடம் 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இவற்றைக் கட்டாயமாகக் கேட்கின்றன.

சிநேகிதியின் தீபாவளி வியாபாரம் போனது போனதுதான். பொங்கலுக்கு அதே பெயரில், முத்திரையும் பொருத்தி, மறுபடி எழுதினாள். இப்போது என் வீட்டுத் தலையணைகளுக்கு உறை கேட்டால், "வரிசையில் நில்லடி!" என்கிறாள்.