ஓர் எழுத்துத்தானே என்று விட்டுவிடலாமா?

ஹேவாஹெட்டக் கடைவீதியிலே ஒரு தேநீர்க் கடையில் மழைக்கு ஒதுங்கியிருந்த வேளையில், நாம் ஒரு வாக்குவாதத்தைக் கேட்க நேர்ந்தது. உயர்தர வகுப்பு மாணவர் இருவர் சொற்போரில் இறங்கியிருந்தனர். விவகாரம் தேர்தலைப் பற்றியதன்று, கிரிக்கெட்டைப் பற்றியதுமன்று. ஜப்பானியச் சித்திரக்கதை ஒன்றிலே வரும் வாள்வீரனின் பெயர் 'ஸோரோ'வா, 'ஸோலோ'வா என்பதே விவகாரம். கண்டி நண்பனிடம் இரவல் வாங்கிய ஆங்கிலப் புத்தகத்தை நீட்டி, "இதோ, ஸோலோ என்றுதானே அச்சாகியிருக்கிறது!" என்றான் ஒருவன். மற்றவன் கைத்தொலைபேசியிலே படத்தைக் காட்டி, "படத்தில் எல்லாரும் ஸோரோ என்றுதான் கூப்பிடுகிறார்கள். புத்தகந்தான் பிழை" என்றான். அருகிலிருந்த ஆசிரியர் ஒருவர் சிரித்தார். "ஓர் எழுத்துத்தானே தம்பி! அதற்கா இவ்வளவு சண்டை?"

ஓர் எழுத்துத்தானா? வீடு திரும்பிய பின்னும் இக்கேள்வி நம்மை விட்டகலவில்லை. விளையாட்டுப் போலத் தோன்றும் இவ்விவகாரத்தினுள்ளே நம்மவர் சிந்திக்க வேண்டிய பெரியதொரு விடயம் அடங்கிக் கிடக்கின்றது என்பது நமது எண்ணம்.

விவரத்தை முதலிற் கூறுவோம். எயிச்சிரோ ஓடா என்னும் ஓவியர் 1997ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் 'ஷோனென் ஜம்ப்' என்னும் ஜப்பானிய வார இதழிலே 'வன் பீஸ்' என்ற கடற்கொள்ளையர் கதையைத் தொடங்கினார். சண்டையும் சாகசமும் நிறைந்த இக்கதையின் பிரதிகள் உலகெங்கும் 50 கோடியைத் தாண்டிவிட்டதாக 2022இல் அறிவிக்கப்பட்டது. மூன்று வாள் கொண்டு போரிடுபவன், அவற்றுள் ஒன்றைப் பல்லிலே கவ்விக்கொள்பவன், அந்த ஸோரோ. அமெரிக்காவிலே இக்கதையை ஆங்கிலத்தில் வெளியிட்ட 'விஸ்' நிறுவனம், தொடக்கத்தில் 'ஸோரோ' என்றே அச்சிட்டது. பின்னர் அதனை 'ஸோலோ' என மாற்றிவிட்டது. முகமூடி அணிந்து குதிரையேறி வரும் பழைய கதாநாயகன் ஸோரோவின் பெயருரிமையோடு மோத நேரும் என்ற அச்சமே இதற்குக் காரணம் என்று பொதுவாகக் கூறப்படுகின்றது. இருபது ஆண்டு சென்ற பின்னும் அச்சுப் பதிப்பிலே அந்த மாற்றம் நீங்கவில்லை. 2023இல் 'நெட்பிளிக்ஸ்' வெளியிட்ட நடிகர் நடித்த படத்தொடரிலோ 'ஸோரோ' என்ற பெயரே ஒலிக்கின்றது.

இதைக் குறித்து ஆங்கில வாசகர்கள் இரு கட்சியாய்ப் பிரிந்து நிற்கின்றனர். ஜப்பானிய மொழியில் 'ர', 'ல' என்ற வேற்றுமை இல்லையே, எப்படி எழுதினால் என்ன என்பது ஒரு கட்சி. ஆசிரியன் இட்ட பெயரைத் திருத்த வியாபாரிக்கு உரிமை ஏது என்பது மறு கட்சி. இவ்விரண்டினுள் தமிழன் எப்பக்கம் நிற்பான்? 'வரி' என்னும் சொல்லிலே ஓர் எழுத்தை மாற்றினால் அது 'வலி'யாகிவிடும். இரண்டுக்கும் நெருங்கிய உறவு உண்டென நமது விவசாயிகள் கூறக்கூடும்! ஆயினும் இரண்டும் ஒன்றாகிவிடுமா? ர, ற, ல, ள, ழ என்று நாவின் ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் எழுத்தை வகுத்துக்கொண்ட மொழிக்குரியவர்கள், ஓர் எழுத்துத்தானே என்று கூற முடியாது.

அப்படியானால் மொழிபெயர்ப்பாளன் எதையுமே மாற்றலாகாதா என்று கேட்கலாம். மாற்றலாம். நமது மொழியிலேயே அதற்கு நல்ல சான்று இருக்கின்றது. 1972ஆம் ஆண்டு சிவகாசியிலே முத்து காமிக்ஸ் தோன்றியபோது, பிரித்தானியச் சித்திரக்கதையொன்றின் நாயகன் தமிழ் பேசத் தொடங்கினான். ஆங்கிலத்தில் அவனுக்கு 'ஸ்டீல் கிளா' என்று பெயர். சொல்லுக்குச் சொல் வைத்திருந்தால் 'எஃகு நகம்' என்றாகியிருக்கும். எவர் நாவிலும் நின்றிராது. தமிழில் அவன் 'இரும்புக்கை மாயாவி' ஆனான். அவன் கை இரும்பு. அவன் உடல் கண்ணுக்கு மறையும். இரண்டையும் ஒரே பெயரிலே அடக்கிவிட்டார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் அப்பெயர் தமிழ் வாசகரிடையே வாழ்கின்றது. அங்கும் மாற்றம், இங்கும் மாற்றம். ஆனால் ஒன்று வாசகனுக்காகச் செய்யப்பட்டது; மற்றது வியாபாரியின் அச்சத்துக்காகச் செய்யப்பட்டது. மொழிபெயர்ப்பை நிறுக்கும் தராசு இதுவே என்போம்: மாற்றியவன் யாருக்காக மாற்றினான்?

இத்தராசைக் கையில் எடுக்கும் உரிமை வாசகனுக்கு உண்டு. ஜப்பானிலே அவ்வுரிமை வெறும் பேச்சன்று. ஷோனென் ஜம்ப் இதழோடு ஓர் அஞ்சலட்டை இணைந்து வந்தது. தமக்குப் பிடித்த மூன்று கதைகளை அதிலே குறித்து வாசகர்கள் அனுப்பினர். வாக்குக் குறைந்த கதை சில மாதங்களுக்குள் முற்றுப்பெற்றுவிடும். பத்து வயதுச் சிறுவனின் அபிப்பிராயத்துக்கும் அங்கே ஒரு வாக்கின் மதிப்பு இருந்தது.

ஆங்கிலப் பதிப்புகளிலும் வாசகர் குரல் வீணாகிவிடவில்லை. ஜப்பானியப் புத்தகம் வலப்பக்கமிருந்து இடப்பக்கமாகப் படிக்கப்படுவது. அமெரிக்கப் பதிப்பாளர்கள் தம்மவர் வசதிக்காகப் படங்களைக் கண்ணாடியிற் பார்ப்பதுபோலத் திருப்பி அச்சிட்டனர். விளைவு யாது? வலக்கை வீரரெல்லாம் இடக்கை வீரராயினர். கிமோனோ உடையின் மடிப்போ பக்கம் மாறிற்று. அவ்வாறு உடுத்துவது ஜப்பானிலே பிணத்துக்கு உடுத்தும் முறை! 1988 முதல் ஆங்கிலத்தில் வெளிவந்த 'அக்கிரா' என்னும் புகழ்பெற்ற கதையும் இவ்வாறே திருப்பப்பட்டு, கறுப்பு வெள்ளை ஓவியத்துக்கு வர்ணமும் பூசப்பட்டது. மூலத்தின்படியே தாருங்கள் என்று வாசகர்கள் கேட்டனர். திருப்பி அச்சிடுவதால் நேரும் செலவும் பதிப்பாளர் கண்ணிற் பட்டது. 2002ஆம் ஆண்டளவில் 'டோக்கியோபாப்' என்னும் நிறுவனம் மூலமுறைப் பதிப்பைப் பெருமளவில் கொண்டுவர, ஏனையோரும் அவ்வழி சென்றனர். 2017இல் வந்த அக்கிராவின் புதிய பதிப்பு வலமிருந்து இடமாகவே செல்கின்றது. ஸோலோ விடயத்திலே தோற்ற வாசகர்கள் இதிலே வென்றார்கள்.

"கத்தியும் இரத்தமுமான கதைகளுக்கு இத்தனை ஆராய்ச்சியா?" என்று பெற்றோர் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். சிறுவருக்கு ஒவ்வாத சித்திரக்கதைகள் பல உண்டென்பதை நாமும் மறுக்கவில்லை. பெற்றோரின் கண்காணிப்பு வேண்டியதே. ஆனால் அத்தேநீர்க் கடையிலே நாம் கண்டது சண்டைப் பித்தன்று. அச்சிலே வந்துவிட்டது என்பதற்காக ஒன்றை ஏற்றுக்கொள்ளாமல், மூலம் என்ன என்று தேடுகின்ற மனம் அது. பரீட்சைக்காக மனனம் செய்யும் பாடசாலை அம்மனத்தை எளிதில் ஊட்டிவிடுவதில்லை.

இனி, ஆசிரியரின் சிரிப்புக்கு வருவோம். அவருக்கு மறுமொழி கூறியவர் மாணவரல்லர். மூலையிலே மரக்கறிச் சாக்கின் மேலிருந்த விவசாயி ஒருவர். "ஐயா, எங்கப்பா பேருல ஓர் எழுத்து மாறிப்போச்சு. பிறப்புச் சாட்சிப் பத்திரத்துல ஒன்னு, அடையாள அட்டையில இன்னொன்னு. அந்த ஓர் எழுத்துக்கு நான் எத்தனை தரம் பஸ் ஏறினேன்னு உங்களுக்குத் தெரியாதே" என்றார். கடையிலே பேச்சடங்கிற்று.

மலையகத்துக்கு இவ்வனுபவம் புதிதன்று. ஹேவாஹெட்டப் பகுதியிலே ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட தோட்டத்தை உலகம் 'லூலெகொண்டேரா' என்றே அறியும். அம்மலையின் சிங்களப் பெயர் லூல்கந்துர. துரைமார் நாவுக்கு எட்டியபடி ஊர்ப்பெயர் மாறியது. அதுபோலவே, எழுதுவோர் காதுக்கு எட்டியபடி தொழிலாளர் பெயர்களும் ஏடுகளில் மாறின. முத்தையா ஓரிடத்தில் முத்தய்யன். இராமாயி ஓரிடத்தில் ராமை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்கள், தாம் யார் என்பதைக் காகிதத்தால் நிரூபிக்க நேர்ந்தபோது அந்த எழுத்துப் பிழைகளின் விலையைக் கண்டுகொண்டனர். கற்பனைக் கடற்கொள்ளையன் பெயரிலே ஓர் எழுத்து மாறியதற்கு அந்நிய நாட்டார் இருபது ஆண்டாகக் குரல் எழுப்புகின்றனர். நம் சொந்தத் தந்தையின் பெயரிலே ஓர் எழுத்து மாறினால், நாம் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வருகின்றோம்!

மொழிபெயர்ப்பின் நிலையும் அதுவே. 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. ஆனாற் பல அலுவலகங்களிலிருந்து வரும் படிவங்களிலும் வீதிப் பலகைகளிலும் காணும் தமிழ், தமிழர்க்கே விளங்காத தமிழாய் இருப்பதை நாம் அன்றாடம் காண்கின்றோம். மேலே கூறிய தராசிலே அதனை நிறுத்துப் பாருங்கள். அது வாசிப்பவனுக்காக எழுதப்பட்டதா? சட்டத்துக்குக் கணக்குக் காட்ட எழுதப்பட்டதா? விடை நம்மெல்லோர்க்கும் தெரியும். கண்டும் காணாதவர் போல் இருக்கின்றோம், அவ்வளவே.

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது இரண்டு. முதலாவது, நமது பிள்ளைகளுக்கு நல்ல தமிழில் சித்திரக்கதை வேண்டும். ஜப்பானிய 'ஷூயிஷா' நிறுவனம் 2019 ஜனவரியில் தொடங்கிய 'மங்கா பிளஸ்' சேவை ஆங்கிலம், ஸ்பானியம் ஆகிய மொழிகளில் உலகெங்கும் கதைகளை அளிக்கின்றது. பின்னர் இந்தோனேசியமும் தாய்மொழியும் வியட்நாமியமும் அதிலே இடம்பெற்றன. தமிழுக்கு ஏன் இடம் கேட்கலாகாது? ஜப்பானியக் கதையிலே மழைக்கும் காலடிக்கும் மௌனத்துக்கும்கூட ஒலிக்குறிப்பு உண்டு; ஆங்கிலம் அதற்குத் திணறுகின்றது. சலசல, தடதட, மளமள என்று இரட்டைக்கிளவியை இலக்கணத்திலேயே வைத்திருப்பது தமிழ். 'சான்', 'சாமா' என்று அவர்கள் பெயரோடு சேர்க்கும் மரியாதையை ஆங்கிலம் பெரும்பாலும் விட்டுவிடுகின்றது. அண்ணா, ஐயா, நீர், நீங்கள் என்ற படிகள் நமக்குப் புதியனவல்ல. ஆங்கிலம் கற்பதை நாம் தடுக்கவில்லை. ஆங்கிலத்தின் வழியாக மட்டுமே உலகம் நம்மை எட்ட வேண்டும் என்ற விதியைத்தான் மறுக்கின்றோம்.

இரண்டாவது இன்னும் அவசரமானது. பிழையைக் கண்டவிடத்து எழுதுங்கள். 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யும் உரிமை ஒவ்வொரு பிரசைக்கும் உண்டு. கற்ற உத்தியோகத்தர்கள் இதிலே முன்வர வேண்டும். தமக்கு ஆங்கிலம் விளங்குகின்றது என்பதற்காகப் பிழைத் தமிழைப் பார்த்துவிட்டு நகைத்துச் செல்வது அவர்க்கு அழகன்று. படிவத்தின் முன் விழித்து நிற்கும் விவசாயிக்கு அது நகைப்பன்று, நாட்கூலி.

மழை விட்டபோது மாணவர் இருவரும் வாதம் முடியாமலே பஸ் ஏறினர். வாதம் முடியாதிருப்பதே நன்று. ஆனால் வாள்வீரனுக்காக வாதாடக் கற்ற அந்நாவுகள், நாளை அலுவலக மேசை முன்னே தம் தந்தையின் பெயருக்காகவும் வாதாட வேண்டும். அன்று எந்த உத்தியோகத்தராவது "ஓர் எழுத்துத்தானே" என்று சிரிப்பாராயின், சிரிப்பு அவர் பக்கம் நில்லாது.