வலிக்கலைன்னா நல்லதா?

போன லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர் தரங்கம்பாடி. 1620-ல் கட்ட ஆரம்பிச்ச டேனிஷ் கோட்டைக்கு எதிரே, மத்தியான வெயிலில் மணல் கொதிக்குது. நான் செருப்போடயே குதிக்கிறேன்; அப்பாயி வெறுங்காலில் ஹாயா நடக்குது. 'செம கெத்து'ன்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்து பார்த்தா, குதிகாலில் கிளிஞ்சல் கிழிச்ச காயம். "வலிக்கவே இல்லைடா"ன்னுச்சு.

சிக்கலே அதுதான். பல வருஷ சர்க்கரை கால் நரம்பை மழுங்கடிச்சிடும். சூடு, குத்தல் எதுவும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைஞ்சா புண் ஆறாது. முத்திப்போனா விரலையே எடுக்க வேண்டியதாகிடும். டாக்டர் ஒரு நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். 10 கிராம் அழுத்தம்தான். பாதி இடத்தில் அப்பாயிக்குத் தெரியவே இல்லை. (என் 'கெத்து' அங்கேயே காலி!)

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை. உங்க வீட்டிலும் ஒருத்தர் இருக்கலாம். அவங்களால குனிஞ்சு உள்ளங்காலைப் பார்க்க முடியாது, கண்ணும் மங்கல். ஊருக்குப் போறப்ப நீங்க பாருங்க. விரல் இடுக்கை விட்டுடாதீங்க. சின்னப் புண்ணா இருந்தாலும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

வீட்டுக்குள்ள போட தனியா ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் கொடுத்தேன். "வீட்டுக்குள்ள செருப்பா?"ன்னு ஒரே சண்டை. சாமி ரூம் பக்கம் மட்டும் வேணாம்கிற அளவுக்குப் பேச்சுவார்த்தை வந்திருக்கு!