உண்டியலும் ஒரு சான்று

வங்கிகள் சிறுவர்க்கு வழங்கிய பழைய உண்டியல்களைத் தேடிச் சேர்ப்பதை வீண்வேலை என்பாருளர். நாம் அவ்வாறு கருதவில்லை. 1832-இல் தோன்றிய இலங்கைச் சேமிப்பு வங்கியும், 1885-இல் தோன்றிய தபாலகச் சேமிப்பு வங்கியும் 1972-இல் தேசிய சேமிப்பு வங்கியுள் அடங்கின. அப்பழம்பெயர் பொறித்த உண்டியலொன்று கிடைப்பின், அது சரித்திரச் சான்றன்றோ?

மட்டக்களப்பு வாவிக்கரை இல்லங்களில் 1978-இன் சூறாவளியும், நீண்ட போரும், 2004-இன் ஆழிப்பேரலையும் விட்டுவைத்த பழம்பொருள்கள் சிலவே. ஆதலின், உண்டியலொன்று கண்ணிற்பட்டால் அது யாருடையது, எதன்பொருட்டு அச்சில்லறை சேர்ந்தது என்பனவற்றையும் எழுதிவைக்குமாறு ஆசிரியர்கள் மாணவரைத் தூண்டவேண்டும். அக்குறிப்பின்றேல் அது வெறுந் தகரமே. திறவுகோலை வங்கியே வைத்துக்கொண்ட உண்டியல்கள் அன்று உண்டு. அவற்றின் கதைக்குத் திறவுகோல் நம் முதியோரிடம் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டறிவோமாக.