ஆடியிலும் கேமரா பேசட்டும்



உங்கள் தெருவிலோ சொந்தத்திலோ ஒரு கல்யாண போட்டோகிராபர் கட்டாயம் இருப்பார். வைகாசி, ஆவணி, தை மாதங்களில் அவரை வீட்டில் பிடிக்கவே முடியாது. ஆடி பிறந்ததும் போன் அடிப்பது குறைந்துவிடும். மார்கழியிலும் அப்படித்தான். "சும்மாதானே இருக்கீங்க, கேஸ் புக் பண்ணிட்டு ரேஷன் கடைக்குப் போயிட்டு வாங்க" என்று வீட்டில் வேலை சொல்வார்கள்.

இந்த 'சும்மா' மாதங்களைப் பற்றித்தான் இந்த முறை உங்களோடு பேச நினைக்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. கல்யாண போட்டோ லேசுப்பட்ட வேலை இல்லை. ரிசப்ஷன் மேடையைக் கவனித்திருப்பீர்கள். ஒரு குடும்பம் ஏறும். "சார், கொஞ்சம் உள்ளே வாங்க. பாப்பாவை முன்னாடி நிறுத்துங்கம்மா. எல்லாரும் இங்க பாருங்க." கிளிக். மொய்க் கவர் கைமாறும், அடுத்த குடும்பம் ஏறும். ராத்திரி வரை இதே கதை. விடிந்தால் முகூர்த்தம். கெட்டிமேளம் முழங்கும் அந்தச் சில நொடிகளில், எதிரே நீளும் அத்தனை செல்போன்களையும் தாண்டித் தாலி முடிச்சைப் பிடித்தாக வேண்டும். தவறவிட்டால் இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியுமா?

இந்த வருமானத்தில்தான் ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிறார்கள், லென்ஸ் வாங்கிய இ.எம்.ஐ-யும் போகிறது. அதை மட்டமாகப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால், இதற்காக மட்டுமா அவர் கேமராவைக் கையில் எடுத்தார்? ஊர்த் தறிகளைப் படம் பிடிக்க வேண்டும், தாத்தா காலத்துத் தெருக்கூத்துக் கலைஞர்களை எடுக்க வேண்டும் என்று ஏதோ ஓர் ஆசை இருந்திருக்கும். "சீசன் முடியட்டும்" என்று தள்ளிப்போட்டே வருஷங்கள் ஓடிவிடும். எப்போதாவது கிளம்பினால், "காசு வராத வேலைக்கு எதுக்குப் பெட்ரோல்?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு நியாயமான பதிலும் இருக்கிறது.

முதல் பதில், சட்டத்தில் இருக்கிறது. நம் நாட்டின் 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவைப் பாருங்கள். ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குப் பணமும் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவர்தான் முதல் உரிமையாளர். அதாவது, ராப்பகலாக எடுத்த கல்யாணப் படங்கள் பொதுவாகக் கல்யாண வீட்டுக்குச் சொந்தம். யாரும் சொல்லாமல், தனக்காக எடுக்கும் படம்தான் முழுக்க அவருக்குச் சொந்தம். பிள்ளைகளுக்கு விட்டுப்போகும் சொத்தில் அதுவும் சேரும் இல்லையா?

இரண்டாவது, கண். கிளையன்ட் ஒரு சினிமாப் பாட்டைக் காட்டி, "இதே மாதிரி வேணும்" என்பார். நம் போட்டோகிராபரும் அதே மாதிரி எடுத்துத் தருவார். பக்கத்துக் கடைக்காரரும் அதையே தருவார். பிறகு போட்டி எதில்? ரேட்டைக் குறைப்பதில்தான்! எதை எடுக்கலாம் என்று தானே தீர்மானித்துப் பழகியவருக்குக் கல்யாண மண்டபத்திலும் வேறு ஏதாவது கண்ணில் படும். அதனால் ஆர்டர் குவியும் என்று நான் உறுதி தரமாட்டேன். ஆல்பத்தில் ஒரு வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான்.

பெரிய பெரிய ஆட்களும் இப்படித்தான் சமாளித்தார்கள். 'வோக்' பத்திரிகைக்காக ஃபேஷன் படங்கள் எடுக்க 1948-ல் பெரு நாட்டுக்குப் போனார் அமெரிக்க போட்டோகிராபர் இர்விங் பென். வந்த வேலை முடிந்த பிறகு, கிறிஸ்துமஸ் சமயத்தில் குஸ்கோ என்ற மலைநகருக்குச் சென்று, உள்ளூர் போட்டோகிராபர் ஒருவரின் ஸ்டுடியோவை வாடகைக்குப் பிடித்தார். அங்கே அவர் எடுத்த மலைவாசிகளின் படங்கள், அவருடைய ஃபேஷன் படங்களுக்கு இணையாக இன்றும் பேசப்படுகின்றன. வெளியூர் ஆர்டருக்குப் போகும் நம்மவர்கள் கூடுதலாக அரை நாள் தங்கினால் போதாதா?

நியூயார்க்கில் சால் லைட்டர் என்று ஒருவர். பிழைப்புக்கு ஃபேஷன் படங்கள். மற்ற நேரத்தில் தன் வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் மழையையும் குடைகளையும் கலரில் எடுத்துக்கொண்டே இருந்தார். அந்தக் கலர் படங்கள் 2006-ல் புத்தகமாக வந்து உலகம் கொண்டாடியபோது அவருக்கு வயது 80-ஐத் தாண்டிவிட்டது. பலன் தாமதமாகத்தான் வந்தது. ஆனால், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அவர் தூரதேசம் போகவில்லை.

நம் ஊரில் இன்னொரு வசதியும் உண்டு. கல்யாணம் ஓய்ந்த மாதங்களில்தான் தெருவெல்லாம் களை கட்டுகிறது. ஆடியில் அம்மன் கோயில் கூழ், தீமிதி. மார்கழி விடியலில் கோலமும் அதன் நடுவே பூசணிப்பூவும். ஆடி 18 அன்று காவிரிப் படித்துறைக்குப் போனால், கல்யாண மாலையைப் பத்திரமாக வைத்திருந்து ஆற்றில் விட வரும் புதுத் தம்பதிகளைப் பார்க்கலாம். அந்த மாலை கழுத்தில் ஏறியதைப் படம் பிடித்தவருக்கு, அது ஆற்றோடு போவதையும் எடுக்கத் தோன்றாதா?

செய்வது எப்படி? ஆர்டர் டைரியில் மாதம் ஒரு நாளைத் தன் பெயரிலேயே புக் செய்துவிட வேண்டும். வேறு ஆர்டர் வந்தால் கல்யாணத் தேதியைப் போலவே 'அன்னிக்கு ஃபுல்' என்று சொல்லிவிட வேண்டும். கைவசம் இருக்கும் கேமராவே போதும், புது லென்ஸுக்குக் கடன் வேண்டாம். பைக்கில் போய்வரும் தூரத்தில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம். எடுக்கப்படுகிறவரிடம் கேட்டுவிட்டு எடுப்பதும், அவருக்கு ஒரு பிரின்ட் கொண்டுபோய்க் கொடுப்பதும் மரியாதை. நல்ல படங்களை ஹார்ட் டிஸ்க்கில் தூங்கவிடாமல், வருஷத்துக்குப் பத்தையாவது பிரின்ட் போட்டு வைக்கலாம்.

கடன் கழுத்தை நெரிக்கும்போது இதெல்லாம் கஷ்டம்தான். அப்போது வருகிற ஆர்டரை விடாதீர்கள். மாதம் ஒரு நாள் முடியாவிட்டால் ஆடியில் நாலு நாள், மார்கழியில் நாலு நாள் போதும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர் சம்பாதித்துக் கொடுக்கும் பத்து மாதங்களை நீங்கள் மதிக்கிறீர்கள். மிச்சமிருக்கும் இரண்டு மாதங்களில் சில காலைகளை அவருக்கே விட்டுக்கொடுங்கள். பேனர் எழுதிப் பிழைக்கும் ஓவியரோ, கச்சேரிகளில் சினிமாப் பாட்டு வாசிக்கும் கீபோர்டு கலைஞரோ உங்கள் வீட்டில் இருந்தால், அவருக்கும் இதே நியாயம்தான். அடுத்த முறை கேமரா பையோடு அவர் கிளம்பும்போது, "எவ்வளவு தருவாங்க?" என்று கேட்காமல், "என்ன எடுக்கப் போறீங்க?" என்று கேட்டுப் பாருங்களேன்.

அன்புடன்,
ஆசிரியர்