மூன்று மணி நேரம் போதுமா?



"மழை வரும் என்றார்கள், ஒரு சொட்டுக்கூட விழவில்லை. எதிர்பாராத அன்று ஊரே மிதந்தது. இந்த வானிலை அறிவிப்பை எப்படி நம்புவது?" இந்தப் பேச்சைக் கீழக்குயில்குடித் தேநீர்க் கடையிலும் கேட்கிறேன், கல்லூரியில் ஆசிரியர் அறையிலும் கேட்கிறேன். அறிவிப்பைக் குறை கூறுமுன், அதை எப்படிப் படிப்பது என்று நாம் கற்றோமா என்பதே என் கேள்வி.

2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். பிற்பகல் 3 மணியளவில், கால் மணி நேரத்திற்குள் ஏறத்தாழ 4.5 செ.மீ. மழை கொட்டியது. வானிலை ஆய்வுத் துறையின் கணக்குப்படி, ஒரு நாள் முழுவதிலும் 6.45 செ.மீ. பெய்தாலே அது கனமழை. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஒரு பாடவேளை முடிவதற்குள்ளேயே விழுந்துவிட்டது! ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 4.5 செ.மீ. மழை என்றால் நாலரைக் கோடி லிட்டர் நீர். அதாவது 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் 3,750. மண்தரை சிறிதளவாவது உறிஞ்சும். சிமெண்டுத் தெரு என்ன செய்யும்? கண்மாய்களின் உபரிநீரை வைகைக்குக் கொண்டு செல்லும் பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி வழிந்தது. செல்லூர்ப் பகுதியில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது.

இதை முதல் நாளே தெருப்பெயருடன் சொல்லியிருக்க முடியாதா? முடியாது. அடுப்பில் உலை வைத்திருக்கிறீர்கள். சிறிது நேரத்தில் அது கொதிக்கும் என்று உறுதியாகக் கூறலாம். ஆனால், பானையின் அடியில் முதல் குமிழி எந்த இடத்தில் எழும் என்று கூற முடியுமா? இடிமேகமும் அத்தகையதே. வெயிலில் சூடான ஈரக் காற்று மேலெழுந்து குளிர்கிறது. ஒரு கிலோகிராம் நீராவி நீராக மாறும்போது சுமார் 25 லட்சம் ஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. அவ்வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ள, மேகம் 12 கி.மீ. உயரத்திற்கும் மேல் வளர்கிறது. ஆனால், தனியொரு இடிமேகத்தின் வாழ்நாள் பெரும்பாலும் ஒரு மணி நேரமே. ஆகவே, முதல் நாள் அறிவிப்பில் வரும் "ஓரிரு இடங்களில்" என்பது நழுவல் பேச்சு அன்று. உள்ளதை உள்ளபடி சொல்லும் அறிவியல் மொழி.

மேகம் பிறந்தபின் நிலைமை வேறு. ராடார் அதைக் காண்கிறது. அது எத்திசையில் நகர்கிறது என்றும் காட்டுகிறது. இதைக் கொண்டே வானிலை ஆய்வுத் துறை அடுத்த மூன்று மணி நேரத்திற்கான முன்னறிவிப்பை மாவட்ட வாரியாக வெளியிடுகிறது. ஆனால் இதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. ராடார் கதிர் ஏறக்குறைய நேராகச் செல்கிறது, பூமியோ உருண்டை. 200 கி.மீ.க்கும் அப்பாலுள்ள காரைக்கால் ராடாரின் மிகத் தாழ்ந்த கதிர்கூட, மதுரையை எட்டும்போது மூன்று கிலோமீட்டருக்கும் மேலே சென்றுவிடும். அதற்குக் கீழே நடப்பது அதன் கண்ணில் படாது. திருவனந்தபுரம் ராடாருக்கோ மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கிறது. கடலோர ராடார்கள் புயலைக் காணச் சிறந்தவை. உள்நாட்டுச் சமவெளிகளின் தாழ்ந்த வானத்தைக் காண, அருகிலேயே ராடார்கள் தேவை. இதை நாம் வலியுறுத்திக் கேட்க வேண்டும்.

ஆயினும், கருவி மட்டும் உயிரைக் காக்காது. இந்தியாவில் மின்னல் தாக்கி ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். எங்கள் சமணர் மலை அடிவாரத்தில் பெரிய ஆலமரங்கள் உண்டு. தூறல் விழுந்தவுடன் எல்லோரும் அவற்றின் கீழ் ஓடி ஒதுங்குவதைக் கண்டிருக்கிறேன். இடி இடிக்கும்போது மிக ஆபத்தான இடங்களில் மரத்தடியும் ஒன்று! மொட்டைப் பாறையின் உச்சியும் அப்படியே.

மூன்று மணி நேரத்தில் என்ன செய்யலாம்? ஆடு மாடுகளை ஓட்டி வரலாம். வாய்க்காலில் அடைத்த குப்பையை அகற்றலாம். தாழ்ந்த வீடுகளிலுள்ள முதியோரை மேட்டுக்கு அழைத்துச் செல்லலாம். பள்ளி விடும் நேரத்தில் மழை வலுத்தால் பிள்ளைகளைச் சிறிது நேரம் வகுப்பறையிலேயே இருத்தலாம். மின்னல் தெரிந்து 30 நொடிக்குள் இடி கேட்டால் அது 10 கி.மீ.க்குள் உள்ளது என்று பொருள். ஒலி மூன்று நொடியில் ஒரு கிலோமீட்டர் செல்லும் என்பது உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. உடனே கட்டடத்திற்குள் செல்லுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வெளியே வாருங்கள்.

ஒவ்வொரு பள்ளியிலும் அன்றாடம் இந்த அறிவிப்பைப் பார்த்துக் கரும்பலகையில் எழுத இரண்டு மாணவர்கள் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. பக்கத்திலேயே ஒரு மழைமானி இருக்கட்டும். அறிவிப்பும் அளவும் பொருந்திய நாட்களையும் பொருந்தாத நாட்களையும் குறித்து வாருங்கள். சில நாள் அறிவிப்பு பொய்க்கும். அன்று நமக்கு நட்டம் சிறிது அலைச்சல் மட்டுமே. அது மெய்யாகும் நாளில் நாம் கவனியாமல் இருந்தால் போவது உயிர். மூன்று மணி நேரம் போதும், அதில் முதல் மணி நேரத்தை "வருமா, வராதா" என்று பேசியே கழிக்காதிருந்தால்.