பழைய ஸ்கேனர் Vs புது ஸ்கேனர்: படம் தெளிவா தெரிய எது முக்கியம்? ஒரகடத்தில் நடப்பது என்ன?

'128 ஸ்லைஸ் சிடி', '3 டெஸ்லா எம்ஆர்ஐ'... ஸ்கேன் சென்டர் வாசலில் இப்படிப் போர்டு பார்த்திருப்பீங்க. நம்பர் பெருசா இருந்தா படமும் நல்லா இருக்கும்னு நினைச்சு, கூடுதல் பணம் கட்டுபவர்கள் ஏராளம். அது உண்மையா?

இந்தக் கேள்விக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு அருகே, கார், பைக், லாரி ஆலைகளுக்குப் பெயர்போன ஒரகடத்தில், சுமார் 350 ஏக்கரில் மருத்துவக் கருவிப் பூங்காவை அமைக்கிறது சிப்காட். ஒன்றிய அரசு இத்திட்டத்துக்குத் தேர்வு செய்த 4 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பொது வசதிகளுக்காக மாநிலத்துக்கு 100 கோடி ரூபாய் வரை நிதி என்பது திட்டம். உயர்ரக ஸ்கேன் கருவிகளுக்கு இந்தியா பெருமளவு இறக்குமதியையே நம்பியிருக்கும் நிலையில், இது முக்கியமான முயற்சி.

சரி, பழசுக்கும் புதுசுக்கும் அப்படி என்னதான் வித்தியாசம்?

50 ஆண்டுகளில் என்ன மாறியது?

உலகில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு சிடி ஸ்கேன் எடுக்கப்பட்டது 1971 அக்டோபர் 1-ம் தேதி, லண்டனில். அந்தக் கருவியை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு 1979-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் படத்தில் இருந்தவை 80-க்கு 80, அதாவது வெறும் 6,400 புள்ளிகள். ஓர் அடுக்கைப் படம் எடுக்கவே சுமார் 5 நிமிடம் ஆனது.

இன்று வழக்கமான சிடி படத்தில் 512-க்கு 512, அதாவது 2.6 லட்சம் புள்ளிகள். மார்புப் பகுதி முழுவதையும் சில விநாடிகளில் எடுத்து முடித்துவிடலாம். நோயாளி மூச்சை அடக்கும் நேரத்துக்குள் வேலை முடிவதால், அசைவால் படம் கலங்குவதும் குறைகிறது.

'ஸ்லைஸ்' அதிகம்னா தெளிவு அதிகமா?

இங்கேதான் பலரும் குழம்புறாங்க. ஸ்லைஸ் எண்ணிக்கை என்பது, கருவி ஒருமுறை சுற்றும்போது எத்தனை அடுக்குகளைப் படம் எடுக்கிறது என்பதன் கணக்கு. அது வேகத்தைத்தான் முக்கியமாகக் காட்டுகிறது. துடித்துக்கொண்டே இருக்கும் இதயத்தின் ரத்தக்குழாயைப் பார்க்க 64 ஸ்லைஸோ அதற்கு மேலோ தேவை. ஆனால் சிறுநீரகக் கல், எலும்பு முறிவு, மூளையில் ரத்தக்கசிவு போன்றவற்றுக்கு, நல்லா பராமரிக்கப்படும் 16 ஸ்லைஸ் கருவியே பெரும்பாலும் போதும்.

அதேபோல 3 டெஸ்லா எம்ஆர்ஐயில் காந்தப்புலம் 1.5 டெஸ்லாவைவிட இரு மடங்கு. சிக்னல் கூடுவதால் மூளை, மூட்டு, சிறு நரம்புகள் நுணுக்கமாகத் தெரியும். ஆனால் உடலுக்குள் உலோக பிளேட், ஸ்க்ரூ இருந்தால் அதைச் சுற்றியுள்ள படம் 3 டெஸ்லாவில் இன்னும் அதிகமாகச் சிதையும். சில இம்ப்ளான்ட்களுக்கு 1.5 டெஸ்லா வரைதான் அனுமதியே உண்டு.

லேட்டஸ்ட் டெக்னாலஜி என்ன?

2021 செப்டம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்த 'ஃபோட்டான் கவுன்டிங்' சிடி. வழக்கமான சிடியில் எக்ஸ்ரே முதலில் ஒளியாக மாறி, பிறகு மின்சாரமாக மாறும். மழைநீரை வாளியில் பிடித்து மொத்தமா அளப்பது மாதிரி. புதியதில் ஒவ்வொரு துளியையும் தனித்தனியாக எண்ணுகிறார்கள். இதனால் படத்தில் 'புள்ளி புள்ளியா' தெரியும் இரைச்சல் குறைகிறது. சுமார் 0.2 மில்லிமீட்டர் அளவு நுணுக்கம் வரை பார்க்க முடிகிறது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு லாபமும் உண்டு. அதே தரமான படத்தை, குறைந்த கதிர்வீச்சில் புதிய கருவிகளால் எடுக்க முடியும். குழந்தைகளுக்கும், அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டிய புற்றுநோயாளிகளுக்கும் இது பெரிய விஷயம்.

அப்போ பழைய கருவி வேண்டாமா?

அப்படிச் சொல்ல முடியாது. ஒரகடம் சாலையில் விபத்து, ஆலையில் தலையில் அடி, திடீர் பக்கவாதம்... இந்த நேரங்களில் பக்கத்தில் இருக்கும் சிடிதான் சிறந்த சிடி. பெரிய ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்தில், சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் மூளை செல்கள் அழிவதாக ஆய்வு சொல்கிறது. நல்ல மெஷின் தேடி சென்னைக்கு ஓடும் நேரத்தில் பறிபோவது உயிராகவும் இருக்கலாம்.

வயதைவிட பராமரிப்பு முக்கியம். எக்ஸ்ரே குழாய், டிடெக்டர் போன்ற பாகங்கள் தேய்ந்தால் எந்தக் கருவியிலும் படம் மங்கும். உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமென்றால் செலவும் காத்திருப்பும் கூடும். ஒரகடத்தில் முழு ஸ்கேனர் தயாராவதற்கு முன்பே, இந்தப் பாகங்கள் தயாரானால்கூட அரசு மருத்துவமனை நோயாளிக்கு அது நேரடிப் பலன்.

ஸ்கேனுக்கு முன் என்ன கேட்கலாம்?

* எந்தச் சந்தேகத்துக்காக இந்த ஸ்கேன்? அதற்கு இந்தக் கருவி போதுமா?
* அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் உள்ளதா? (சிடிக்கு இது கட்டாயம்)
* உடலில் பேஸ்மேக்கர், பிளேட் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்க.
* பழைய ஸ்கேன் படங்களையும் கொண்டு போங்க. ஒப்பிட்டுப் பார்க்க டாக்டருக்கு அது ரொம்ப உதவும்.

ஆக, போர்டில் இருக்கும் நம்பரைப் பார்த்து முடிவெடுக்காதீங்க. ஸ்கேன் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் முதல் கேள்வியைக் கேட்டாலே, தேவையில்லாத செலவு பாதி குறையும்.